பெயர் இல்லாத பட்டன்கள்

கோத்தகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜீவிதாவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் நல்ல சுகம், மழையில் என்னைப் பிடித்திருந்த இருமல்கூடப் போய்விட்டது. அங்கே டப்ளினில் நீயும் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் என்ன கடிதம் என்று நினைப்பாய். பக்கத்து வீட்டு பிரிஸில்லா லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், அவளிடம் தேயிலைத் தூளும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். இன்னொரு காரணம், உன் தம்பி சக்திக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் போனில் ஆரம்பித்தாலே அவன் வந்து, “அம்மா, பெருசு பண்ணாதீங்க” என்று போனை வாங்கிக்கொள்கிறான். எனக்குப் பெரிதுபண்ண வேண்டும் கண்ணு, அதனால்தான் எழுதுகிறேன்.

பார்வை முழுதும் போய் அவன் காலேஜை விட்டு வந்தபோது, வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ளட்டும் என்று நீதான் அந்த லேப்டாப்பை அனுப்பினாய். முதலில் அவன் அதை மூடி வைத்துவிட்டான், அதை நான் உனக்குச் சொல்லவில்லை. வீடியோ பாடத்தில் சொல்லித்தருகிறவர் நல்லவர்தான், ஆனால் இதை இங்கே போடுங்கள், இப்படி வருகிறது பாருங்கள் என்றே போய்க்கொண்டிருப்பார், எது, எங்கே, எப்படி வருகிறது என்று இவனுக்கு எப்படித் தெரியும். “இதெல்லாம் பாக்கறவங்களுக்குங்கம்மா, எனக்கில்ல” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு எப்படியோ ஒரு மெயில் குழுவைப் பிடித்தான், பார்வையில்லாத புரோகிராமர்களே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குழுவாம். அதில் நெல்சன் என்று ஒருவர், வீடியோவை விடு தம்பி, எழுத்தாக இருக்கிற பாடத்துக்குப் போ என்று எழுதினாராம். எம்.டி.என் என்று ஒரு வெப்சைட் இருக்கிறது, அதில் தலைப்பு தலைப்பாகத் தாண்டிக் கேட்கலாம், என்ன எழுத வேண்டும் என்பதும் எழுத்தாகவே இருப்பதால் லேப்டாப்பில் திரையை வாசித்துச் சொல்லும் குரல் ஒரு புள்ளி விடாமல் படித்துவிடும். ஃப்ரீகோட்கேம்ப் என்பதில் சின்னச் சின்னப் பயிற்சியாகக் கொடுத்து, சரியா தப்பா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் காசு கிடையாது என்று கேட்டு எனக்கே ஆச்சரியம். ஹெட்போன் வயரை எலி கடித்துவிட்டதால் பாடம் முழுவதும் வீட்டுக்கே கேட்டது. குக்கர் விசிலுக்கு மேலே லெஸ் தேன், கிரேட்டர் தேன் என்று குறிகளைக்கூட விடாமல் வாசித்து அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு நாள் பேக்டரி ஷிப்டு முடிந்து வந்த அப்பா, “ஏம்புள்ள, இந்தப் பொம்பள மூச்சே உடமாட்டாளா” என்று என்னைக் கேட்டார், சக்தி அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான்.

இப்போது வேலை கதைக்கு வருகிறேன். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு எழுதச் சொன்னது. கரண்ட் போய்விடக் கூடாது, சிக்னல் போய்விடக் கூடாது என்று நான் விளக்கேற்றி வைத்துக் கும்பிட்டேன், இரண்டும் ஒழுங்காக இருந்தன. தேர்வுப் பக்கம்தான் அவனை உள்ளே விடவில்லை. அந்தக் குரல் பட்டன், பட்டன், பட்டன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பட்டனில் படத்தை மட்டும் ஒட்டிவிட்டு, இது தொடங்குவதற்கு, இது அனுப்புவதற்கு என்று பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்கள், குரல் எதை வாசிக்கும். நான் ஓடிவந்து, நான் பார்த்துச் சொல்கிறேன் சாமி என்றேன். “வேண்டாங்கம்மா, இன்னிக்கு நீங்க சொல்லுவீங்க, நாளைக்கு வேலைக்கும் நீங்களே வருவீங்களா” என்றான். ஒரு கேள்விகூட அவன் காதில் விழாமலே தேர்வு நேரம் முடிந்தது. மறுபடியும் போர்வைதான் என்று நினைத்தேன். அவனோ ஒரு காபி கேட்டான், குடித்துவிட்டு டைப் அடிக்க உட்கார்ந்தான்.

ஜீவி, அவன் கம்பெனிக்கே மெயில் எழுதினான். உங்கள் தேர்வை நான் எழுதவில்லை, எழுதத் தெரியாமல் இல்லை, உங்கள் பட்டன்களுக்குப் பெயர் இல்லை என்று ஆரம்பித்து, பெயரை எப்படி வைக்க வேண்டும், அது எம்.டி.என்னில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பத் தயாராக வைத்திருந்தான். வேலை கேட்டுப் போன இடத்தில் குற்றம் சொல்லலாமா என்று எனக்குப் பயம், அப்பாவிடம் சொன்னேன். அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “உள்ளதத்தான எழுதியிருக்கான், அனுப்புடா” என்றார். பதிலே வரவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவன் பாட்டுக்கு அடுத்த பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாள் நான் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது, ரேணுகா என்று ஒரு மேடம். அந்தப் பக்கத்தைச் சரி செய்துவிட்டோம், நீங்கள் சொன்னது ரொம்ப உபயோகமாக இருந்தது, இப்போது எழுத முடிகிறதா பாருங்கள் என்றார்கள். எழுதினான். கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டதாக அவனே சொன்னான், இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். வெப்சைட் பக்கங்கள் செய்வதும் வேலை, மற்றவர்கள் செய்ததைக் காதால் கேட்டுப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வதும் வேலையாம்.

நாளைக் காலையில் கிளம்புகிறான். ஹாஸ்டல் பார்த்தாகிவிட்டது. கூடவே வந்து ஒரு வாரம் தங்குகிறேன் என்றேன், ஒரே சண்டை. முதலில் அழுதேன், பிறகு அவனுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்தேன், கோயமுத்தூர் வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் என்று அப்பா சிரிக்கிறார். கடைசியில், “மேட்டுப்பாளையம் வரைக்கும் வாங்கம்மா, உங்க மனசுக்காக. அங்கிருந்து நான் போய்க்கறேன்” என்றான். சரி என்றுவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் அவனை ஏற்றிக்கொண்டு அந்தக் கோயமுத்தூர் பஸ் கிளம்பும்போது நான் எப்படி நிற்கப்போகிறேன் என்று தெரியவில்லை, நிற்பேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேலை முடிந்து வரும்போது தலையில் ஈரம் தங்கவிடாதே, வர்க்கியை டீயில் நனைத்துத் தின்று தீர்க்காமல் கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. மாரியம்மன் உனக்கும் தம்பிக்கும் வழித்துணையாக இருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவனுக்குப் போன் பண்ணும்போது எப்படிப் பஸ் ஏறினாய், யார் கையைப் பிடித்து விட்டார்கள் என்றெல்லாம் கேட்காதே. அதைக் கேட்டு அவனிடம் திட்டு வாங்க நான் ஒருத்தி போதும். நீ, இன்றைக்கு ஆபீஸில் என்ன வேலை செய்தாய் என்று கேள்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
ராஜகுமாரி