மாத்திரைக்கு இல்லாத கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு தடிப்புகூட இல்லை. ஏழு மாதமாக இதே கதைதான். வாரநாட்களில் தோல் சும்மா இருக்கிறது. சனி மாலை தொடங்கி ஞாயிறு முழுக்கச் சிவந்து வீங்கி, அரிப்பு உயிரை வாங்குகிறது. வெளியூர் மரச்சாமான் பட்டறையிலிருந்து என் கணவர் வீட்டுக்கு வருவதும் அந்த இரண்டு நாள்தான். உணவு, சோப்பு, வெயில், அவர் வருகை — எல்லாவற்றுக்கும் அட்டவணையில் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டேன். எண்கள் அவரைத்தான் காட்டுகின்றன.

மார்ச் 8, சனி

சொல்லிவிட்டேன். மரத்தூள்தான் காரணம், கொஞ்ச நாள் கூடத்தில் படுங்கள் என்று.

"குளிச்சு, துணி மாத்திட்டுத்தானே வரேன்?"

அட்டவணையை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே வரவே வேணாம்னாலும் சொல்லிடு."

தலையணையை எடுத்துக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

மார்ச் 9, ஞாயிறு

அப்படியும் வந்தது. இமைகூட வீங்கிவிட்டது.

இந்தத் தடிப்பை அக்கா காணாக்கடி என்பாள். போனில் சிரிக்கிறாள்: "காணாக்கடிக்குக் கட்டின புருஷன் மேலயே கேஸ் போட்டவ நீ ஒருத்திதான்டி!"

மார்ச் 16, ஞாயிறு

இந்த வாரம் அவர் வரவில்லை. வேலை அதிகமாம். தடிப்பு மட்டும் தவறாமல் வந்தது.

மெத்தையில் பழைய தூள் ஒட்டியிருக்குமோ?

அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு சமாதானம் எழுதித் தந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். அடுத்தவர் புள்ளிவிவரத்தில் பிழை பிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்?

மார்ச் 24, திங்கள்

தோல் டாக்டர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். நான் போடும் அலர்ஜி மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அட்டவணையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "மாத்திரைக்குக் கட்டமே இல்லையே மேடம்?"

"அது ஆபீஸ் டிராயர்ல இருக்கு. வேலை நாள்ல மட்டும் போடுவேன். சனி, ஞாயிறு உடம்புக்கு ரெஸ்ட்."

"யார் சொன்னா?"

"...நான்தான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் வரைந்தார். தோலுக்கடியில் மாஸ்ட் செல்கள். நோய் எதிர்ப்புக்கு இருப்பவை. உள்ளே, அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் நிரம்பிய பைகள். என்னைப் போல மாதக்கணக்கில் தடிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து தூண்ட வேண்டியதில்லையாம். பலருக்கு உடம்பு தானே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களே அந்தச் செல்களை உசுப்பிவிடுகின்றன. பைகள் அவிழ்ந்து கொட்ட, தோல் வீங்குகிறது. மாத்திரை பைகளைக் கட்டாது. கொட்டிய ஹிஸ்டமினை வேலை செய்யவிடாமல் மறிக்கும். அதுவும் விடாமல் போட்டால்தான்.

"அப்ப மரத்தூள்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் மேடம். நீங்க தினமும் போடுங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் தனியாகச் சிரித்தேன். அவர் இல்லை. அவர் காரணமே இல்லை! என்ன மனுஷி நான்...

போனில் எப்படிச் சொல்வது?

மார்ச் 26, புதன்

சொன்னேன். "தப்பு என்னோடது."

மறுமுனையில் பட்டறை இயந்திரத்தை நிறுத்துவது கேட்டது. பிறகு: "இன்னொரு தடவை சொல்லு, சரியா கேக்கல."

நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

மாலை வந்தவர், கேட்காமலே கூடத்துச் சோபாவில் விரிப்பைப் போட்டார். வாசற்படியில் நின்று பார்த்தேன். விரிப்பை உருவி மடித்து அலமாரியில் வைத்தேன்.

"அப்ப நான் எங்க படுக்கிறதாம்?" என்கிறார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் கண் விழித்ததும் இடது கையில் வட்டமாக ஒரு சிவப்பு. பதறிப்போய் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, அரிப்பும் இல்லை. நடுவில் நாலு சின்னப் புள்ளி.

அவர் சட்டைப் பொத்தான் அழுந்திய தடம்.