மாடி வீட்டுக்குப் போன பீட்ரூட்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. மாட வீதியில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. எட்டு மணிக்கெல்லாம் வெயில்.

ஓவன் வந்து ஒரு மாதம் ஆகிறது. மகன் புனேயிலிருந்து தன் அம்மாவுக்கென்று அனுப்பியது. வசந்தா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு, துணிமேல் ஊறுகாய் பாட்டிலை வைத்துவிட்டாள். "உங்க பையன் அனுப்பினது. நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க." அழவில்லை. கேக் செய்கிறேன்.

காரணத்தை எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துவிடும். வ.வுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இனிப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். வ. டாக்டரிடம் போவதைக் குறைத்துவிட்டாள். ஆகவே சாக்லேட் கேக்கில் பாதிச் சர்க்கரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காய்கறி விழுது. கோகோ எல்லாவற்றையும் மூடிவிடும் என்று படித்தேன். நம்பவில்லை. சோதித்தேன்.

கேரட் – நார்.
பசலைக்கீரை – சுவை சரி. நிறம் குளத்துப் பாசி. வ.: "இதை யாரு திங்கறது, குளத்து மீனா?"
சுரைக்காய் – தண்ணீர். கேக் அல்ல, களி.
பீட்ரூட் – வேகவைத்து, தோலுரித்து, அரைத்து, வடிகட்டி. மிக நன்று. ('மிக' என்பதை இரண்டாம் முறை செய்து பார்த்த பிறகு சேர்த்தேன்.)

வ. மூன்று துண்டு சாப்பிட்டாள். நான் பீட்ரூட் அரைக்கும்போது பக்கத்தில் நின்று கேலி செய்தவள்தான். "தெரிஞ்சா என்ன, நல்லாத்தானே இருக்கு."

மாடி வீட்டு பிரகாஷ், சுனிதா தம்பதிக்குப் போன வாரம் ஒரு டப்பா அனுப்பினோம். இன்று இன்னொன்று. அவர்கள் ஜெயின் குடும்பம் என்பதால் யோசித்துத்தான் செய்தேன். முட்டை இல்லை, தயிர். ஜெலட்டின் இல்லை. வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் உண்டு, எனவே ஏலக்காய்.

மாலை மாடிப்படியில் சுனிதா. "அங்கிள், எக்லெஸ்தானே?"

"ஆமாம்மா. முட்டையே கிடையாது."

"சூப்பர் அங்கிள். இன்னா கலரு!"

இரவு வரை மனம் மிதந்துகொண்டிருந்தது. இந்த வயதில் இதற்கெல்லாமா. இதற்குத்தான் போலிருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

கியாஸ் வந்தது. குழாய் ரிப்பேர்க்காரர் வரவில்லை.

பிரகாஷ் கடைக்குப் போகிற வழியில் கதவைத் தட்டினார். மிக்ஸி, ஃபேன் விற்கிற கடை. தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். இவர் பிறந்தது இந்தத் தெருவில். மெட்ராஸ் பாஷை என்னைவிட நன்றாக வரும்.

"அங்கிள், இருவத்திரெண்டாந் தேதி ஞாயித்துக்கெழமை எங்க வெட்டிங் டே. இருவத்தஞ்சு வருஷம். கேக் நீங்கதான்."

"நானா? நல்ல கடையில் சொல்லுங்களேன்."

"கடை கேக்கா? சுனிதா தொட மாட்டா அங்கிள். எக்லெஸ்னு போர்டு இருந்தாலும், அதே ட்ரேல முட்டை கேக் வெச்சிருப்பான்னு சொல்லுவா. கல்யாணமாகி வந்ததுலேருந்து அவ நம்பிச் சாப்ட்ட மொத கேக்கு உங்களுதுதான்."

ஒப்புக்கொண்டேன். கதவைச் சாத்திய பிறகு முதுகு தானாக நிமிர்ந்தது. வ. பார்த்துவிட்டாள். "போதும், கூரை இடிக்கப் போவுது."

பிப்ரவரி 12, வியாழன்

தி. நகர். பெரிய வட்டத் தட்டு, கோகோ, வெண்ணெய்த்தாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தன் தோழியிடம்: "தாத்தாவுக்குப் பின்னாடி ஒளிவட்டம் பாருடி." கீழே இறக்கினேன். அடுத்தவர் தோளில் இடித்தது. மறுபடி மேலே.

கடைக்காரர் கேட்டார்: "யாருக்குப் பர்த்டே?" எனக்கில்லை என்றேன். தேவையில்லாத பதில்.

பிப்ரவரி 14, சனி

புழுக்கம். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக.

காலை செல்வியின் காய்கறி வண்டி. நான் பீட்ரூட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செல்வி: "இன்னா சாரு, எப்பப் பாரு பீட்ரூட்டே வாங்கிக்கினு போறே? ஊட்ல யாருக்காச்சும் ரத்தம் கம்மியா?"

பக்கத்தில் பிரகாஷ், புடலங்காயுடன். சிரித்தார். செல்வி அவரையும் விடவில்லை. "சேட்டு, நீயும் அரைக் கிலோ எட்த்துக்கோயேன். தளதளன்னு கீது."

"போம்மா. இத்தினி வருஷமா காய் குடுக்குறே, தெரியாதா உனுக்கு? மண்ணுக்குள்ள வெளையறது எதுவும் எங்க ஊட்ல ஏறாது. உருளை, கேரட்டு, பீட்ரூட்டு எதுவும் கெடையாது."

"ஆமா இல்ல, மறந்துபூட்டேன்."

அவள் மறந்தாள், உடனே நினைவு வந்துவிட்டது. என் கையில் பீட்ரூட் பை.

பிரகாஷ்: "ஆன்ட்டிக்குப் பொரியலா அங்கிள்?"

"ஆமாம்" என்றேன்.

எனக்குத் தெரியாதா? அவர்கள் மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து தெரியும். வெங்காயம் இல்லாமல் சுனிதா வைக்கும் சாம்பாரை வ. எத்தனை முறை புகழ்ந்திருக்கிறாள். முட்டையை யோசித்தேன். எசன்ஸில் இருக்கும் ஒரு துளி ஆல்கஹாலை யோசித்தேன். பீட்ரூட்டை யோசிக்கவில்லை. அரைத்து வடிகட்டியதும் அது எனக்கு வெறும் 'விழுது' ஆகிவிட்டது. பிறர் நாக்குக்குத் தெரியாமல் ஒளிக்கப் போய், என் புத்திக்கும் தெரியாமல் ஒளித்துவிட்டேன். குடிநீர் ஆய்வகத்தில் இருந்த காலமெல்லாம், உள்ளே என்ன என்று சீட்டு ஒட்டாமல் ஒரு பாட்டிலையும் மேஜையில் வைக்காதவன்.

வ.விடம் சொன்னேன். அவளும் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் தோன்றவில்லையே.

"சொல்லாதீங்க" என்றாள் பிறகு. "தெரியாமத்தானே சாப்பிட்டாங்க. தெரிஞ்சா அவ மனசு என்ன பாடுபடும்? இனிமே போடாம இருங்க, அவ்வளவுதான்."

நியாயமாகத்தான் பட்டது. மாலைவரை பட்டது. அப்புறம் 'நம்பிச் சாப்பிட்ட முதல் கேக்' என்பது திரும்பத் திரும்ப வந்தது. சொல்லாமல் இரண்டாவது கேக்கை எப்படிச் செய்வது? எந்தக் கையால் நீட்டுவது?

பிப்ரவரி 15, ஞாயிறு

பத்து மணிக்கு மாடி ஏறினேன். பாதியில் திரும்பினேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு, கொடுக்கப் போகிற பாவனையில் மறுபடி ஏறினேன். அவர்கள் வாசலிலும் அதே செய்தித்தாள்.

பிரகாஷ் கதவைத் திறந்தார். "இன்னா அங்கிள், மூஞ்சி இப்டி கீது? ஆன்ட்டி திட்டுனாங்களா?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். பீட்ரூட். இரண்டு டப்பாவிலும். தெரிந்து செய்யவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். நேற்று பொரியலுக்கு என்று சொன்னதும் பொய்.

பிரகாஷ் ஒரு கணம் விழித்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அதான் அந்தக் கலரா! வுடுங்க அங்கிள்."

சுனிதா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"ரெண்டு வாட்டியுமா அங்கிள்?"

"ஆமாம்மா."

"சரி அங்கிள்." உள்ளே போய்விட்டாள்.

எந்தச் 'சரி'? நாள் முழுவதும் அதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். வ. ரசம் வைத்தாள். சூடாக இருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். மறுபடி ஒழுகுகிறது.

நம் டப்பா திரும்பி வந்தது. சுனிதா வீட்டில் வேலை செய்கிற அம்மா கொண்டுவந்து கொடுத்தார். கழுவித் துடைத்து, பளபளவென்று. வ. மூடியைத் திறந்தாள். காலி.

இரண்டு வீட்டுக்கும் இடையில் எத்தனை டப்பா ஏறி இறங்கியிருக்கிறது! ஒன்றுகூடக் காலியாகத் திரும்பியதில்லை. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது இருக்கும்.

வ. மூடியை மூடினாள். "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தி. நகரில் வாங்கிய தட்டைப் பரண்மேல் வைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

உடனே எழுதிவிடுகிறேன்!

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுனிதா வந்தாள். கையில் ஒரு கிண்ணம் மூங்தால் அல்வா. நான் எழுந்துவிட்டேன், கை முழுக்க மோர்ச்சாதம்.

"உக்காருங்க அங்கிள். ஆன்ட்டி, திங்கக்கெழமை டப்பா காலியா வந்துச்சா?"

"வந்துதும்மா" என்றாள் வ., மிக மெதுவாக.

"அன்னைக்கு நான் உபவாசம். தெரியாம சாப்ட்டதுக்கு ஒரு நாள் இருந்துடலாம்னு. அடுப்பே பத்த வெக்கல. சர்க்கரை டப்பாவும் காலி. இவரு ராத்திரி வரைக்கும் வாங்கியாரல. அந்தம்மா கீழ எறங்கறப்ப நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன், டப்பாவ எடுத்துக்கிட்டு வந்துடுச்சி. நேத்து சொன்னப்பதான் எனக்குத் தெரியும். ஐயோ, நீங்க இன்னா நெனச்சீங்களோன்னு ஒரே இதுவா ஆயிடுச்சி."

என்னால் அவள் ஒரு நாள் பட்டினி. அதைச் சொன்னேன்.

"வருஷத்துல எத்தனையோ நாள் இருக்கேன் அங்கிள். இது ஒண்ணும் பெருசில்ல. பாவம் இவருதான், ஓட்டல்ல போயி ரெண்டு நெய் ரோஸ்ட் சாப்ட்டாரு, துக்கத்துல."

வ. சிரித்தாள். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

"ஞாயித்துக்கெழமை கேக் உண்டுல்ல?" என்றாள் சுனிதா. அப்புறம் நிபந்தனைகள். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். மண்ணுக்கடியில் விளைவது கூடாது. வினிகர் வேண்டாம், எலுமிச்சை போதும். தயிர் அன்றைக்குத் தோய்ந்ததாக இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். கடைசியாக: "கேக்குல இன்னா இன்னா இருக்குன்னு நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லணும் அங்கிள். எங்க சொந்தக்காரங்க கேப்பாங்க. நான் சொன்னா ஆயிரம் கேள்வி வரும்."

எல்லார் முன்னாடியும். நான். ஆய்வகத்தில் விடைபெறும் கூட்டத்திலேயே 'நன்றி' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தவன்.

சரி என்றேன். என் 'சரி' இன்னும் நடுங்குகிறது.

பரணிலிருந்து தட்டை இறக்கினேன்.

பிப்ரவரி 21, சனி

பரங்கிக்காய் என்று முடிவு. கொடியில் காய்ப்பது, சந்தேகமே இல்லை. இருந்தாலும் செல்வியிடம் கேட்டேன், இது மண்ணுக்கு மேலேதானே என்று. "இன்னா சாரு, வெயில்ல சுத்தினியா?"

துண்டாகக் கிடைக்கவில்லை, முழுக்காய். வ.விடம் நீட்டினேன்.

"முழுசா இருக்கறதைப் பொம்பளைங்க வெட்டக் கூடாது. மொத வெட்டு நீங்க போடுங்க."

கல்யாணமானதிலிருந்து முதல் வெட்டு என்னுடையதுதான். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. தூக்கினால் காயும் சேர்ந்து வருகிறது. வ. மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். பிரகாஷ் லுங்கியோடு இறங்கி வந்தார். பின்னாலேயே சுனிதா.

"எங்க ஊர்லயும் அப்படித்தான் ஆன்ட்டி. ஆம்பளதான் மொதல்ல வெட்டணும்."

"அப்பப் பாப்போம், இந்த ரெண்டு ஆம்பளைங்க கிழிக்கறதை" என்றாள் வ.

இரண்டு பெண்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிரகாஷ் கத்தியோடு காயைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு போடு. பிளந்தது. ஒரு பாதி சோபாவுக்கு அடியில் உருண்டது. விதையெல்லாம் என் வேட்டிமேல்.

"இன்னா அங்கிள், புது வண்டிக்கு வெள்ளோட்டமா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பாதியைத் தேடி பிரகாஷ் தவழ்ந்தார். சுனிதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வெள்ளோட்டக் கேக்: நன்று. நிறம் பீட்ரூட் அளவு இல்லை. ஈரம் அதைவிட மேல். அரைக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'பரங்கிக்காய்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். வ. உள்ளேயிருந்து: "யாரு கூடப் பேசறீங்க?"

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை ஆறுக்கே தயிர் பார்த்தேன். தோய்ந்திருந்தது. பதினொரு மணிக்கு முதல் அடுக்கு. இரண்டாவது அடுக்கு உள்ளே இருக்கும்போது கரண்ட் போயிற்று. ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திறக்கவும் பயம், திறக்காமலிருக்கவும் பயம். வ. விசிறினாள், எனக்கா ஓவனுக்கா தெரியவில்லை. கரண்ட் வந்தது. கேக்கின் நடுவில் லேசாகப் பள்ளம். சாக்லேட்டை ஊற்றி நிரவினேன். இதை மறைப்பதில் பாவமில்லை என்று வ. சொன்னாள்.

மாடியில் உறவினர் கூட்டம். எல்லாரும் பட்டும் நகையும். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. பிரகாஷ் கை தட்டி, "எல்லாரும் இங்க பாருங்க, அங்கிள் பேசப் போறாரு" என்றார். பின்னாலிருந்து வ.: "சத்தமா."

ஆரம்பித்தேன். "கோதுமை மாவு. கோகோ. நாட்டுச் சர்க்கரை, வழக்கமான அளவில் பாதி. இன்று காலை தோய்ந்த தயிர். ஏலக்காய். எலுமிச்சைச் சாறு..."

இதற்குள் பிரகாஷ் கேக்கை வெட்டி ஒரு துண்டை சுனிதாவின் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். நான் இன்னும் பரங்கிக்காய்க்கு வரவில்லை. அவள் வாயைத் திறந்தாள். சாப்பிட்டுவிட்டாள்.

"இரும்மா, நான் இன்னும் சொல்லி முடிக்கலை" என்றேன், கொஞ்சம் பதறி.

வாய் நிறையக் கேக்குடன் அவள்: "நீங்க சொல்லிக்கிட்டே இருங்க அங்கிள்."

எல்லாரும் சிரித்தார்கள். தட்டுகள் கை மாறின. யாரும் கேட்கவில்லை. உப்பு வரை சொல்லி முடித்தேன்.