கடலுக்கடியில் இருப்பவரின் கையெழுத்தைக் கேட்கும் வரி அறிவிப்பு

அனுப்புநர்:
மார்லீன் ஹட்சின்ஸ் (வயது 47),
பள்ளி உணவுக்கூடச் சமையலர்,
14, ஆல்டர் சந்து, கடற்படைக் குடியிருப்பு, பைன் ஹார்பர்.

பெறுநர்:
மாநில வருமான வரி ஆணையர் அவர்கள்.

பொருள்: மொன்டானாவாசியான என்னையும் புளோரிடாவாசியான என் கணவரையும் இம்மாநிலவாசிகளாக்கி விதித்த வரியை நிறுத்தி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் டுவேன் நீர்மூழ்கிக் கப்பலில் தலைமை மெக்கானிக். கடற்படை அனுப்பியதால் இங்கு வந்தோம். படையினரும் துணைவரும் தத்தம் மாநிலத்தவராகவே இருக்க மத்தியச் சட்டம் இடம் தருகிறது. அதன்படி நான் மொன்டானாவில் வரி கட்டுகிறேன். அவர் மாநிலமான புளோரிடாவிலோ வருமான வரியே கிடையாது. இது முன்பே தெரிந்திருந்தால், அவரை அங்கே பெற்றெடுத்த மாமியாரிடம் இன்னும் கொஞ்சம் பணிவாக இருந்திருப்பேன்.

2. தவறு என்னுடையதுதான். சென்ற கோடையில் மீன்பிடி உரிமம் வாங்கினேன். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் மூன்று மடங்கு. பக்கத்து வீட்டு ரோண்டா, "நிரந்தரவாசின்னே போட்டுடு மார்லீன், மீன் வந்து உன் ஊரைக் கேக்கவா போகுது?" என்றாள். போட்டேன். படைக் குடும்பங்களுக்கு அதே குறைந்த கட்டணம் என்று அடுத்த வரியிலேயே இருந்ததாம். என் கண்ணாடி காரில் இருந்தது. மீனும் சிக்கவில்லை.

3. அந்த உரிமத்தைக் காட்டி என்னை இம்மாநிலவாசி என்கிறது அறிவிப்பு. அது என் தலையோடு போகட்டும். மத்திய வரியை இருவரும் சேர்ந்து தாக்கல் செய்ததால் அவருடைய படைச் சம்பளமும் கணக்கில் ஏறி, பாக்கி இருவர் பெயரிலும் நிற்கிறது. மேல்முறையீட்டுக்கு இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். அவர் எனக்குக் கொடுத்துப் போன அதிகாரப் பத்திரத்தை நீட்டினேன். "இது கடற்படை ஃபாரம்மா. எங்க ஃபாரத்துல அவர் கையெழுத்து வேணும். ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க" என்றார் தங்கள் அலுவலகப் பெண் அலுவலர். கடலுக்கடியில் இருக்கிறார் என்றேன். "அப்ப ஈமெயில் அனுப்புங்க." நல்ல பெண், சிரிக்காமல்தான் சொன்னார்.

4. வரும் 19ஆம் தேதி பாக்கி பொதுப் பதிவேட்டில் ஏறும். வரி பாக்கிக்காரர் என்று அவர் பெயர் அதில் ஏறினால், கடற்படை அவருக்குத் தந்துள்ள ரகசியப் பணிக்கான அனுமதி பறிபோகலாம். அனுமதி இல்லாதவர் அந்தக் கப்பலில் கால் வைக்க முடியாது. பதினெட்டு ஆண்டுப் பணி. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே ஆண்டு. அவருக்கு எதுவும் தெரியாது. குடும்பத்தார் கப்பலுக்கு அனுப்ப முடிவது நான்கு வரிச் செய்தி மட்டுமே; அதில் கெட்ட சேதி இருந்தால் கடற்படை அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். நாய் நலம் என்று எழுதினேன்.

5. ஆகவே, அவர் கரை சேரும்வரை பதிவை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். இயலாதெனில் என் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பெயரையாவது நீக்கிவிடுங்கள். இணைப்பிலுள்ள தங்கள் படிவத்தில் 'கணவர் நேரில் வரக்கூடிய நாள்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. கப்பல் திரும்பும் நாள் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத அனுமதியில்லை. காலிக் கட்டமுள்ள படிவம் ஏற்கப்படாது என்று கீழே அச்சிட்டிருப்பதையும் படித்தேன். இருந்தும் அனுப்புகிறேன்.

இடம்: பைன் ஹார்பர்
நாள்: 7 மே 2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மார்லீன் ஹட்சின்ஸ்