கஸ் நம் கணினியில் இருக்கிறான்

ஜாய்ஸ்,

கணினியை அணைக்காதே. மார்ச்சில் நாம் புதைத்த பக்கத்து வீட்டு கஸ் அதற்குள் உட்கார்ந்திருக்கிறான். "செத்தவன் சாமான் நமக்கெதுக்கு?" என்று நேற்று நீ கத்தியது அவனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் மனைவி ஆர்லீன் கொடுத்த அவன் ஹார்ட் டிஸ்க்கை நம்முடையதோடு இரண்டாவதாகத்தான் மாட்டினேன். கணினியோ நம்முடையதை விட்டுவிட்டு அதிலிருந்தே விழிக்கிறது. எந்த டிஸ்க்கிலிருந்து விழிப்பது என்ற வரிசையை அமைப்பில் மாற்றினால் போய்விடுவான். மாற்றவில்லை.

திரையில் இன்றைய தேதியிட்டு அவன் முன்பே எடுத்துவைத்த ஒரு வீடியோ: 'ஆர்லீன் பிறந்தநாள்'. தட்டினேன். "ஏய் கிழவி, இந்த வருசமும் நான்தான் முதல்ல!" என்றான்.

மதியம் அவள் வருவாள். ஆப்பிள் பை அடுப்பில் இருக்கிறது. உட்காரவைத்து வீடியோவைப் போடு. நான் மெழுகுவத்தி வாங்கப் போகிறேன். அந்தக் குரலை மறுபடி கேட்கத் துணிவில்லை.

ஹாரி

பி.கு. வாசல் பனி உருக உப்புப் போட்டுவிட்டேன், அவள் வழுக்கி விழமாட்டாள்.

இன்னொன்று: அவள் உள்ளே வந்ததும் வாய் தவறி அவனுக்கு முன்னால் நீ வாழ்த்திவிடாதே.