இஸ்பஹான் தட்டமும் பழப்புளியும்

மார்ச் 3, 2025
நான் வீட்டுவேலை செய்யும் சின்யோராவுக்கு இன்றும் கையெழுத்துப் போட நேரமில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியை, 14ஆம் திகதி பாரசீகத்து இஸ்பஹான் சதுக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறா. அதுவரை என் வேலை ஒப்பந்தம் மேசையில் கிடக்கட்டுமாம். அது இல்லாமல் இங்கே தங்குகிற பெர்மெசோ புதுப்பிக்கேலாது. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் 18ஆம் திகதி தவணை.

பதினாறு வருடம் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் இருந்தும் இங்கத்தைப் பெரிய தேவாலயமான கத்தெத்ராலேக்குள் நான் கால் வைத்ததில்லை. இஸ்பஹானோ சின்யோரா சொல்லிச் சொல்லித் தண்ணிபட்ட பாடம்: தெற்கே பெரிய பள்ளிவாசல், மேற்கே அரண்மனை, சுற்றிவரக் கடைத்தெரு.

மார்ச் 6
தூசி தட்டினேன், பாடமும் கேட்டேன். அலுமாரியில் இருக்கும் செம்புத் தட்டம் அந்தக் கடைத்தெருவில் முந்நூறு வருடத்துக்கு முன் உளியால் தட்டிச் செதுக்கியதாம். கைவேலை என்றால் ஒரு கோடு ஆழமாயும் ஒரு கோடு மேலோட்டமாயும் இருக்குமாம். கூட்டத்தில் அதைக் காட்டப் போகிறா.

மார்ச் 11
சின்யோரா வெளியூர். தட்டம் கன்னங்கரேலென்று கிடந்தது. சபைக்குப் போகிற சாமான் இப்படியா போவது? கோயில் விளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கினேன். பளபளவென்று வந்தது. படம் எடுத்து மகள் துசானிக்கு அனுப்பினேன்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்? அது ஊத்தை இல்லை. கோடு தெரியவெண்டு செதுக்கிற ஆக்கள் பூசுற கறுப்பு."

ஐயோ முருகா. என்ர கை சும்மா இருக்காதோ? என்ர மனுசன் சப்பாத்து மை பூசச் சொல்லுறார்.

மார்ச் 12
ஒளிக்கிறதோ, சொல்லுறதோ? வேலை போனால் பெர்மெசோவும் போச்சு.

மார்ச் 13
சொன்னேன். சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டத்தை யன்னலடிக்குக் கொண்டுபோனா. ஏச்சு வாங்கத் தயாராய் நின்றேன். அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லாக் கோடும் ஒரே ஆழம். பூவுக்குப் பூ மயிரளவு வித்தியாசம் இல்லை. மெஷின் அச்சு. பாடம் சொல்லித் தந்தது அவ. அவவுக்குத் தெரியாமலா இருக்கும்?

"வேறு யாருக்காவது காட்டினாயா?"

"மகளுக்கு மட்டும், சின்யோரா."

பேனாவை எடுத்தா. ஒப்பந்தத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டா.

மார்ச் 14
பேச்சு நன்றாகப் போனதாம். தட்டம் போகவில்லை.

மார்ச் 18
குவெஸ்தூராவில் எல்லாப் பத்திரமும் சரி.

மார்ச் 23, ஞாயிறு
தட்டம் இப்போது எங்கள் வீட்டில். சின்யோரா பேப்பரில் சுற்றி, "உனக்குத்தான்" என்று தந்துவிட்டா. பூவும் பழமும் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அங்கே வந்திருந்த இந்திராதேவி அக்கா தடவித் தடவிப் பார்த்தா.

"எங்கத்தைச் சாமான்? கைவேலையோ?"

"ஓம் அக்கா. இஸ்பஹான். முந்நூறு வருசம்" என்றேன். எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை.