உள்வாயில் ஒரு மனை

என் அருமை கோதண்டம் மச்சானுக்கு,

ஜெயித்துவிட்டோம்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சேதியை இழுத்தால் உனக்குப் பிடிக்காது. உங்கள் ஊர் ஏரியில் மனை போட அனுமதி கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது இன்னும் உன்னைத்தான் தேடுகிறேன்.

இதெல்லாம் என் முட்டாள்தனத்தில்தானே தொடங்கியது? ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று, வீட்டுமனை விற்கிற மனைக்காரர் ஒருவர் கொடுத்த வரைபடத்தை நாம் வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸுக்கே கொண்டுவந்து காட்டினேன். "உள்வாய்னு ஒரு இடமாம் மச்சான், உங்க ஊரை ஒட்டித்தான். பேரு நல்லா இருக்குல்ல?" என்றேன். சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நீ சிரித்தாய் பார், நிலக்கரி பெல்ட் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"யோவ், உள்வாய்னா ஊரு பேரு இல்லய்யா! ஏரிக் கரைக்கு உள்ள, தண்ணி நிக்கிற எடம். மீனுங்களோட வூடு கட்டிக்கினு இருக்கப் போறியா?"

மதுரைப் பக்கம் ஏரியைக் கண்மாய் என்றே சொல்லி வளர்ந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? என் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இன்னும் நாலைந்து பேர் அதை ஊர்ப்பெயர் என்றே நம்பியிருந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் உன் முகம் மாறியது. அந்த ஏரி போனால் உன் தெருப் பெண்களுக்கு நடவு வேலை ஏது? மறுநாளே ஊராட்சி அலுவலகத்தில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாய். அனுமதிக்கு முன்னால் அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் வருவதற்குள் நின்றுவிட உன் நெஞ்சுக்கு என்ன அவசரம்?

அதிகாரி சித்திரை வெயிலில் வந்தார். ஏரி வெடித்துக் கிடந்தது, ஆடுகள் மேய்ந்தன. "தரிசு சார், தண்ணி நின்னே பல வருஷம்" என்று மனைக்காரர் கூசாமல் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். அப்போது உன் மனைவி பச்சையம்மா முன்னே வந்தாள்.

"போன தையில இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு எங்கூட்டுக்காரரு இங்கதாங்க மீனு புடிச்சாரு. இவரு அச்சடிச்ச பேப்பரையே படிச்சுப் பாருங்க."

நான் வரைபடத்தை நீட்டினேன். 'உள்வாய் நகர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மனைக்காரரும் வெளியூர்தானே! கிராம வரைபடத்தில் இருந்த சொல்லை என்னைப் போலவே ஊர்ப்பெயர் என்று நினைத்து, அதையே நகராக்கிவிட்டார்.

"உள்வாய்னு நீங்களே போட்டிருக்கீங்களேய்யா!" அதிகாரி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். கிராம வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தார். அதிலும் ஏரிதான்.

நேற்று உத்தரவை அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, உன் தெருப் பெண்கள் பச்சையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். நீ இருந்து பார்த்திருக்க வேண்டாமா? ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டது. எனக்கென்று குறித்து வைத்த மனையில் இப்போது ஒரு நாரை நிற்கிறது.

அடுத்த கோடையில் ஏரி மறுபடி வற்றும். வேறு யாராவது அளவுச் சங்கிலியோடு வந்து தரிசு என்பார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கரையில் நிற்பேன், மச்சான். நீ நிம்மதியாக இரு.

பெண் கொடுக்காமலே உனக்கு மச்சானான,
சோலைமலை