ரோசியின் வாத்துக்குஞ்சு

1936 சனவரி 16, வியாழன்

தங்கச்சி ரோசிக்கு அப்பா கலஹாவிலிருந்து கொண்டுவந்த வாத்துக்குஞ்சு செத்துவிட்டது. நாளை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் சுவாமியார் பிராணிகளை ஆசீர்வதிப்பார். அதற்காக நான்தான் அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, தொட்டியில் நீந்தவிட்டு உடை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது அது தொட்டியின் அடியில் கிடந்தது.

சவர்க்காரம் இறகின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிட்டது. தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. இன்று காலை வகுப்பில் செய்த சோதனையில், நீரில் மிதந்த ஊசி ஒரு துளி சவர்க்கார நீர் பட்டதும் மூழ்கியது. காரணத்தை முதலில் சொன்னவளும் நான்தான்.

“வாத்து எப்படிக்கா தண்ணியில சாகும்?” என்று ரோசி அழுதாள்.

“சளி புடிச்சிருக்கும்,” என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

“நீ எவ்வளவு அழகாக் குளிப்பாட்டுன,” என்று சொல்லி, ரோசி என் இடக்கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். பொய்க்குத் தலையாட்டிய பாவத்தோடு நாளை பூசையில் எப்படி நற்கருணை வாங்குவேன்?